11 வயசுப் பொண்ணு, டிவி பாட்டுப் போட்டி: எந்தப் பாட்டு, எத்தனை கட்டை, எந்த ட்ராக்?

வேளச்சேரி_அப்பா

வணக்கம். பொண்ணுக்கு 11 வயசு. கர்நாடக சங்கீதத்துல வர்ணம் வரைக்கும் வந்திருக்கா. டீச்சர் வெச்ச சுருதி ஐந்தரைக் கட்டை. டிவி பாட்டுப் போட்டி முதல் சுற்றுக்கு ஒன்றரை நிமிஷ வீடியோ கேக்கறாங்க. வகுப்புல சுத்தமாப் பாடறவ, சினிமாப் பாட்டு ட்ராக் (குரல் இல்லாத பின்னணி இசை) போட்டா மேல போகும்போது கத்தறா, கீழ வரும்போது வெறும் காத்துதான் வருது.

1. பாட்டை எத்தனை கட்டை ஏத்தணும், இறக்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?
2. யூடியூப்ல கிடைக்கிற ட்ராக் போதுமா?
3. தேர்வாகிட்டா ஷூட்டிங், பள்ளிக்கூடம் ரெண்டையும் எப்படிச் சமாளிக்கிறது? சட்டப்படி எதாவது வரம்பு இருக்கா?

"உச்சஸ்தாயில ஒரு இழு இழுத்தாத்தான் எடுப்பாங்க"ன்னு பாக்கறவங்க எல்லாம் சொல்றாங்க. நிஜமா?

அரைக்கட்டை

முதல் கேள்விக்கு வரேன். ஐந்தரைக் கட்டைன்னா வகுப்பில் "ச" எங்கே இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான். சினிமாப் பாட்டுக்கு அந்தத் தகவல் பத்தாது. ஒரே கட்டையில் இருக்கிற ரெண்டு பாட்டை எடுத்துக்குங்க. ஒண்ணோட மெட்டு "ச"வுக்கும் மேல் "ச"வுக்கும் நடுவுலயே சுத்தும். இன்னொண்ணு கீழ் "ப"வில் ஆரம்பிச்சு, சரணத்துல மேல் "ம" வரைக்கும் போயிடும். கட்டை ஒண்ணுதான், ஆனா குழந்தைக்கு முதல் பாட்டு சுலபம், ரெண்டாவது முடியாத காரியம்.

பார்க்க வேண்டியது வீச்சு, அதாவது அடிமட்டச் சுரத்திலிருந்து உச்சிச் சுரம் வரைக்கும் இருக்கிற தூரம். ரெண்டு வீச்சு: குழந்தையோடது, பாட்டோடது.

குழந்தையோட வீச்சு: கீபோர்டோ கீபோர்டு ஆப்போ எடுத்துக்குங்க. நடு சி-யில் ஆரம்பிச்சு ஒவ்வொரு கட்டையா இறங்கி "ஆ"ன்னு நாலு எண்ணிக்கை பிடிக்கச் சொல்லுங்க. காத்து கலக்காம, நடுங்காம நிக்கிற கடைசிக் கட்டையைக் குறிச்சுக்குங்க. அதே மாதிரி மேலே ஏறுங்க. தாடை இறுகி, கழுத்து நரம்பு தெரிய ஆரம்பிச்சா அதுக்கு ஒண்ணு முன்னாடியே கோடு போட்டுடுங்க. காலையில் எழுந்த உடனே அளக்காதீங்க. கீழ்க்குரல் அப்ப கூடுதலா வரும், கணக்குத் தப்பும்.

பாட்டோட வீச்சு: மெட்டில் எது அடிமட்டம், எது உச்சின்னு ரெண்டே ரெண்டு சுரம் கண்டுபிடிச்சாப் போதும். உச்சி பெரும்பாலும் அனுபல்லவியிலோ சரணத்தோட மூணாவது வரியிலோ இருக்கும். பல்லவியை மட்டும் பாடிப் பாத்துட்டு "ஆ, கட்டை சரியா இருக்கு"ன்னு முடிவு பண்றதுதான் வழக்கமா நடக்கிற கோளாறு.

இப்ப கணக்கு. பாட்டு நடு சி-க்குக் கீழே இருக்கிற பி-யில் தொடங்கி மேல் இ வரைக்கும் போகுதுன்னு வைங்க. 17 அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு இருக்கிற தூரம் ஒரு அரைச்சுரம்). குழந்தைக்கு நடு சி-க்குக் கீழே ஏ-யிலிருந்து மேல் டி வரை வருது. அதுவும் 17. பாட்டை ரெண்டு அரைச்சுரம் இறக்கினா அப்படியே உக்காரும். ஆனா ரெண்டு முனையும் இடிக்கும். வீட்டுல வர்ற உச்சி கேமரா முன்னாடி வராது, பதற்றத்துல ஒரு அரைச்சுரமாவது போயிடும். அதனால வீச்சு 14, 15-க்குள்ள இருக்கிற வேற பாட்டைத் தேடறதுதான் புத்திசாலித்தனம்.

ஆம்பளைக் குரல் பாட்டை எடுத்தா தனிச் சிக்கல். அதே ட்ராக்கில் குழந்தை ஒரு ஸ்தாயி ("ச"விலிருந்து மேல் "ச" வரைக்கும் இருக்கிற தூரம்) மேல பாட வேண்டியிருக்கும். பெரும்பாலும் உச்சி எட்டாது, மூணு நாலு அரைச்சுரம் இறக்க வேண்டிவரும். அவ்வளவு இறக்கினா ட்ராக்கோட குணமே மாறிடும்.

அரைக்கட்டை

விட்டுப்போன ஒண்ணு, இதுலதான் நிறைய பேர் வழுக்குறாங்க. கட்டைக் கணக்கு ஒரே சீரா போகாது.

1 - சி
1½ - சி ஷார்ப்
2 - டி
2½ - டி ஷார்ப்
3 - இ
4 - எஃப்
4½ - எஃப் ஷார்ப்
5 - ஜி
5½ - ஜி ஷார்ப்
6 - ஏ
6½ - ஏ ஷார்ப்
7 - பி

மூணுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. மூன்றரைன்னு ஒரு சுருதியே கிடையாது. ஏழுக்கும் மேல் ஒண்ணுக்கும் நடுவுலயும் அப்படித்தான். அதனால "ஒரு கட்டை இறக்குங்க"ன்னு சொன்னா, ஐந்திலிருந்து நாலுக்கு வந்தா ரெண்டு அரைச்சுரம், நாலிலிருந்து மூணுக்கு வந்தா ஒரே ஒரு அரைச்சுரம். டீச்சர் கட்டையில பேசுவாங்க, ஆப் அரைச்சுரத்துல பேசும். நடுவுல நீங்கதான் மொழிபெயர்க்கணும். எழுதி ஒட்டி வெச்சுக்குங்க.

ஒலிப்பலகை

ட்ராக் விஷயம் நம்ம டிபார்ட்மென்ட். யூடியூப் ட்ராக் மூணு வகையா வரும் சார்.

ஒண்ணு, கீபோர்டுல புதுசா வாசிச்சுப் பண்ணது. சுருதி சுத்தமா இருக்கும், ஆனா சில சமயம் இன்டர்லூடை (நடுவுல வர்ற வாத்திய இசை) சுருக்கிடுவாங்க, தாளக்கட்டும் ஒரே மாதிரி லூப்ல ஓடும்.

ரெண்டு, ஒரிஜினல் பாட்டுலேந்து குரலை நீக்கினது. பழைய முறையில இடது, வலது ரெண்டுக்கும் பொதுவா நடுவுல இருக்கறதைக் கழிப்பாங்க. குரல் நடுவுலதான் இருக்கும், ஆனா பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் அங்கதான் இருக்கும், குரலோட சேர்ந்து அதுவும் போயிடும். ட்ராக் சப்புன்னு கேக்கும். மோனோ ரெக்கார்டிங்கா இருந்தா இந்த வேலையே நடக்காது, மொத்தப் பாட்டும் காணாமப் போயிடும். இப்ப வர்ற ஏஐ பிரிப்பான்கள் எவ்வளவோ தேவலை. இருந்தாலும் எதிரொலியோட வால் மிச்சம் நிக்கும், பாடகியோட ஆவி பின்னாடியே பாடற மாதிரி. வீடியோவைக் கேக்கறவங்க "குழந்தை ஒரிஜினல் மேலயே பாடுது"ன்னு நினைச்சுக்குவாங்க.

மூணு, யாரோ ஏற்கெனவே ஏத்தி இறக்கினது. இதைத் தொடவே தொடாதீங்க. ஏற்கெனவே மாத்தினதை நீங்க மறுபடி மாத்தினா சிம்பல் எல்லாம் தண்ணிக்குள்ள அடிக்கிற மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு கவனிங்க. பழைய பாட்டு பல சமயம் எந்தக் கட்டையிலயும் சரியா உக்காராது. டேப் ஓடின வேகத்தால ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்கும். தம்பூரா ஆப் ஏ 440 ஹெர்ட்ஸ்ல ஒலிக்கும், ட்ராக் அதைவிட ஒரு இழை கூட இருக்கும். குழந்தை தம்பூராவுல பழகிட்டு ட்ராக்குக்கு வந்தா "சுருதி சேரலை"ன்னு திட்டு வாங்கும், பாவம். குழந்தை மேல தப்பே இல்லை.

ஆடாசிட்டின்னு ஒலியை எடிட் பண்ற மென்பொருள் இருக்கு, இலவசம். அதுல செய்யறது இப்படி:

ட்ராக்கை இறக்கி முழுசா செலக்ட் பண்ணுங்க. எஃபெக்ட் மெனுவுல சுருதியை மட்டும் மாத்தற தேர்வு ஒண்ணு, வேகத்தையும் சேத்து மாத்தற தேர்வு ஒண்ணு இருக்கும். நமக்கு முதல் தேர்வுதான். அரைச்சுரம் போடற கட்டத்துல -2-ன்னு போட்டா ரெண்டு அரைச்சுரம் இறங்கும். நடுவுல நிக்கிற பழைய பாட்டுக்கு 0.3, 0.4-ன்னு புள்ளி வெச்சும் போடலாம். தரமான நீட்டிப்புக்குன்னு ஒரு சின்னப் பெட்டி இருக்கும், டிக் பண்ணுங்க. நேரம் கூட ஆகும், தபேலா நல்லாக் கேக்கும். ஒரே தடவையில மாத்துங்க. -1 போட்டுப் பாத்துட்டு மறுபடி -1 போடறதுக்குப் பதிலா, பழசுக்குத் திரும்பிப் போய் -2 போடுங்க. சேமிக்கும்போது வேவ் கோப்பா வெச்சுக்குங்க, கடைசியாத்தான் எம்பி3.

ரெண்டு அரைச்சுரம் வரைக்கும் யாருக்கும் தெரியாது. மூணு பரவால்லை. நாலுக்கு மேல போனா தவில் தபேலா ஆயிடும், தபேலா டப்பா ஆயிடும்.

வேளச்சேரி_அப்பா

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அவ வீச்சு அளந்து பாத்தேன்: கீழே ஏ, மேலே சி ஷார்ப் வரை சுத்தம், டி கொஞ்சம் இழுபறி. பாட்டுத் தேர்வு எப்படி? கர்நாடக அடிப்படை இருக்கறதால ராகம் உள்ள பாட்டாப் போடலாமா?

பஞ்சநதம்

போடலாம். ஆனால் ராகத்தின் பெயரைப் பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரீதிகௌளையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் பாலமுரளிகிருஷ்ணா பாடிய "சின்னக் கண்ணன் அழைக்கிறான்", 1999-ல் வந்த "அழகான ராட்சசியே", 2008-ல் வந்த "கண்கள் இரண்டால்" மூன்றுக்கும் அதுதான் ஆதாரம். முதல் பாட்டில் ராகத்தின் அசைவுகள் ஏறத்தாழக் கச்சேரி நடையிலேயே இருக்கின்றன. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) பழகாத குழந்தை பாடினால் வெறும் சுரக்கோவையாகக் கேட்கும். மூன்றாவதில் சுரங்களை நேராக நிறுத்திப் பாட வேண்டும். கர்நாடகம் படித்த குழந்தை அங்கே தன்னையறியாமல் அசைத்துவிடும், கிட்டார் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் என்றாகிவிடும். ராகம் ஒன்றுதான், கைவசம் இருக்க வேண்டிய வித்தை வேறு வேறு. வர்ணம் வரை வந்த குழந்தைக்கு முதல் வகை கைகொடுக்கும்.

இன்னொரு தொல்லை. ட்ராக்கோடு பாடுவதை விட்டுவிட்டு வாத்தியக்காரரோடு பாடும் நிலை வந்தால், ஆசிரியர் சொல்லும் "ச"வும் கீபோர்டு வாசிப்பவர் சொல்லும் சுருதியும் வேறாக இருக்கலாம். மோகனத்தின் ஐந்து சுரங்களை ஒரு கட்டையில் எழுதினால் சி, டி, இ, ஜி, ஏ. அதே ஐந்தையும் ஏ-யை ஆதாரமாக வைத்துப் பார்த்தால் சுத்த தன்யாசி. கார்டு வாசிப்பவர் "ஏ மைனர்" என்பார், ஆசிரியர் "ஒரு கட்டை மோகனம்" என்பார். இருவரும் சொல்வது சரி. குழந்தையிடம் முதல் வரியின் முதல் சுரம் எந்தக் கட்டை என்று சொல்லிவைத்தால் குழப்பமே வராது.

பயிற்சிக்குச் சொல்கிறேன். தினமும் முதல் பத்து நிமிடம் சினிமா வேண்டாம். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை (ஒவ்வொரு சுரமும் இரட்டையாக வருவது), மூன்று காலமும் (மூன்று வேகத்திலும்), அகாரத்தில். சுரம் சொல்லிப் பாடும்போது "ரி", "நி" என்ற எழுத்துகள் குறையை மூடிவிடும். "ஆ" என்று பாடும்போதுதான் எது பிசகுகிறது என்று தெரியும். ஜண்டையில் இரண்டாவது சுரத்தை அழுத்தாமல் சமமாகப் பாடும் குழந்தைக்குப் பிருகா (வேகமான சுர உருட்டல்) வராது, எத்தனை பாட்டுக் கேட்டாலும் வராது. பிறகு தம்பூராவை நிறுத்திவிட்டு ஒரு வர்ணத்தின் பல்லவி, முடிந்ததும் தம்பூராவைப் போட்டு எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் இறங்கி நிற்கும். அவசரப்படும் குழந்தை ஏறி நிற்கும்.

தம்பூரா ஆப்பில் "ச-ப-ச" என்றே எப்போதும் வைத்திருக்கிறார்கள். ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி போலப் பஞ்சமம் ("ப") இல்லாத ராகத்துக்கு மத்திமத்துக்கு ("ம") மாற்ற வேண்டும். ஆப்பில் அதற்கொரு பொத்தான் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

ரிமோட்_ராணி

உச்சஸ்தாயி கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே, நான் சொல்றேன்.

வாரம் தவறாம இந்த நிகழ்ச்சிகளைப் பாக்கறவ நான். இழு இழுன்னு இழுத்தா கைத்தட்டு வரும், அது உண்மை. திரையில பொறி பறக்கும், நடுவர் எழுந்து நிப்பார், விளம்பரம் வரும். ஆனா முதல் சுற்றுல கேக்கறவங்க பெரும்பாலும் இசைத்துறை ஆட்கள். அவங்க முதல் பத்து விநாடியில மூணு விஷயம் பாத்துடுவாங்க: சுருதியில சேருதா, எடுப்பு (தாளத்துல பாட்டு தொடங்கற இடம்) சரியா வருதா, வார்த்தை புரியுதா. உச்சி அதுக்கப்புறம்தான். ஒன்றரை நிமிஷ வீடியோவுல ஒண்ணே கால் நிமிஷம் ஹம்மிங்கும் இன்டர்லூடுமா போட்டு கடைசியில ஒரு கத்து கத்தினா, அங்க வரைக்கும் கேக்கவே மாட்டாங்க.

தொண்ணூறுகள்ல சன் டிவியில ஏ.வி. ரமணன் நடத்தின "சப்தஸ்வரங்கள்" ஞாபகம் இருக்கறவங்களுக்குத் தெரியும், பாட்டுதான் நிகழ்ச்சி. தெலுங்குல எஸ்.பி.பி. நடத்தின "பாடுதா தீயகா" இன்னும் ஒரு படி மேல. ஒரு எழுத்து தப்பா விழுந்தா நிறுத்திச் சொல்லிக் குடுப்பார், இசையமைச்சவரையும் எழுதினவரையும் பேர் சொல்லிப் பேசுவார். 2006-ல விஜய் டிவியில "சூப்பர் சிங்கர்" வந்ததுக்கப்புறம் இந்த வகை நிகழ்ச்சியே பெருசா ஆச்சு, நல்ல பாடகர்கள் நிறைய பேர் வெளிய வந்தாங்க, மறுக்கலை. ஆனா இப்ப பொதுவா எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஒரே ஐம்பது பாட்டு, பாட்டுக்கு முன்னாடி குடும்பக் கஷ்டம், பாட்டுக்கு அப்புறம் அழுகை. நடுவுல பாட்டு மூணு நிமிஷம் இருந்தா அதிர்ஷ்டம்.

அதனால சார், யாரும் எடுக்காத பாட்டா எடுங்க. ஐம்பதுல ஒண்ணை எடுத்தா உங்க பொண்ணை அந்தப் பாட்டைப் பாடின நூறு குழந்தைகளோட ஒப்பிடுவாங்க. தெரியாத பாட்டுன்னா அவளை மட்டும் கேப்பாங்க.

பஞ்சநதம்

ராணி அம்மா சொன்னது முழுக்க உண்மை. ஒரு சின்னத் திருத்தம்: யாரும் எடுக்காததற்குக் காரணம் சில சமயம் அது பாட முடியாத பாட்டு என்பதும்தான். 1985-ல் வந்த "கலைவாணியே" கல்யாணியில் ஆரோகணத்தை மட்டுமே வைத்துக் கட்டிய மெட்டு. பெரியவர்களே மூச்சு எடுக்க இடம் தேடுவார்கள். 11 வயதுக்கு அது வேண்டாம்.

நல்லூர்வீதி

வணக்கம் அண்ணை. வார்த்தை எண்டு ஒரு சொல்லு வந்தபடியால் எழுதுறன். இஞ்ச வட இலங்கை சங்கீத சபைச் சோதினைக்குப் பிள்ளையளை ஆயத்தப்படுத்தேக்க செய்முறை, அறிமுறை ரெண்டும் பாக்கிறம். அறிமுறையில நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளையும் பாடேக்க ல, ள, ழ மூண்டையும் ஒண்டாக்கிப்போடும். வெளிநாட்டில பிறந்து ரோமன் எழுத்தில வரி பாத்துப் படிக்கிற பிள்ளையளுக்கு இது இன்னும் மோசம், ஏனெண்டால் அந்த எழுத்தில வித்தியாசமே இல்லை. கலை, களை, கழை. மலை, மழை. சிரிப்பு வரும், ஆனால் கேக்கிறவைக்கு அருத்தமே மாறிப்போம்.

செய்யிறது என்னெண்டால், வரியைப் பிள்ளை தன்ர கையால தமிழில எழுத வேணும். பிறகு மெட்டில்லாமல், தாளத்தில மட்டும் வாசிக்க வேணும். மூச்சு எடுக்கிற இடத்தில பென்சிலால ஒரு சாய்கோடு. சொல்லுக்கு நடுவில கோடு விழக்கூடாது. "வந்தாளே" எண்டதை "வந்தா… ளே" எண்டு மூச்சு விட்டு வெட்டினால் அது வேற சொல்லு. நீண்ட வரியில ஒரு மூச்சு போதாட்டி, வேற்றுமை உருபு முடிஞ்ச இடத்தில வெட்டலாம், அதுக்கு முன்னம் வெட்டக்கூடாது.

இன்னொண்டு: சினிமாப் பாட்டில பாடகர் "ச"வை "ஷ" ஆக்கியும், "ற"வை "ர" ஆக்கியும் பாடியிருப்பினம். பிள்ளை அதையும் சேத்துப் பாடமாக்கிப்போடும். அதைத் திருத்துங்கோ.

வேளச்சேரி_அப்பா

எடுப்புன்னு ராணி மேடம் சொன்னாங்களே, அதுதான் இவளுக்குப் பெரிய தலைவலி. பல்லவி சரியா வரும். இன்டர்லூட் முடிஞ்சு சரணம் எடுக்கும்போது அரை அடி முன்னாடியே நுழைஞ்சிடறா.

அரைக்கட்டை

வகுப்புல பாடற கீதம், வர்ணம் எல்லாம் பெரும்பாலும் சம எடுப்பு. தாளம் விழும்போதே பாட்டும் விழும். சினிமாப் பாட்டில் தாளம் விழுந்து அரை அட்சரமோ ஒன்றரையோ தள்ளி வார்த்தை வரும், அனாகத எடுப்பு. ரெண்டுமே பழகின கை ஒரே உடம்புல சண்டை போடுது, அவ்வளவுதான்.

இன்டர்லூடை எண்ணச் சொல்லுங்க. எட்டு எட்டா விரல் விட்டு எண்ணினா இத்தனை எட்டுன்னு கிடைக்கும். அதை மனப்பாடம் பண்ண வேண்டாம். கடைசி எட்டில் என்ன வாத்தியம் வாசிக்குதுன்னு மட்டும் அடையாளம் வெச்சுக்கணும்: வயலின் கீழே இறங்குதா, தபேலா ஒரு உருட்டு உருட்டுதா, புல்லாங்குழல் நிக்குதா. அந்த ஒலி கேட்டதும் மூச்சு, அடுத்த தட்டுக்குக் கையில தட்டு, அப்புறம் வார்த்தை. மூச்சை எடுப்புக்கு நேரா எடுத்தா கண்டிப்பா முந்தும். முழுத் தட்டு முன்னாடியே எடுத்து வெச்சுக்கணும்.

வீடியோவுக்கு இன்னொரு வழி: இன்டர்லூடே வேண்டாம். பல்லவி ரெண்டு தடவை, நேரா அனுபல்லவியோ சரணமோ. ட்ராக்கை ஒலிப்பலகை சொன்ன அதே ஆடாசிட்டியில் வெட்டி ஒட்டலாம். தாளத்தட்டு மேல வெட்டுங்க, இல்லேன்னா கேக்கறவங்களுக்குக் கால் தடுக்கும்.

ஒலிப்பலகை

பதிவு பண்றதுக்கு:

அறையில ஃபேன், ஏசி ரெண்டும் ஆஃப். கட்டில், திரைச்சீலை இருக்கற படுக்கையறை நல்லது. டைல்ஸ் போட்ட ஹால்ல எல்லாம் ஓலமா கேக்கும்.

ட்ராக்கை ஸ்பீக்கர்ல போட்டுப் பாடினா ரெண்டும் கலந்து ஒரே போன் மைக்ல போகும், அப்புறம் குரலைத் தனியா ஏத்தி இறக்க முடியாது. அமைப்பாளர்கள் ஒரே ஷாட்டுல எடிட் இல்லாத வீடியோ கேட்டா வேற வழியில்லை: ஸ்பீக்கரைப் போனுக்குப் பின்னாடி இல்லாம, குழந்தைக்குப் பின்னாடியும் இல்லாம, ஒரு பக்கமா ஆறேழு அடி தள்ளி, குரலைவிடக் கம்மியா வெச்சுக்குங்க. போன் மூணு அடியில, வாய் மட்டத்துல.

இயர்போன்ல கேட்டுப் பாட அனுமதி இருந்தா ஒரு காதுல மட்டும் போடுங்க. மறு காது தன் குரலைக் கேக்கணும். ரெண்டு காதையும் மூடினா குழந்தை தன் குரல் கேக்கலைன்னு கத்த ஆரம்பிக்கும், சுருதி மேல ஏறும். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். ஒலி காதுக்கு வந்து சேர லேட் ஆகும், அவ சரியாப் பாடினாலும் பதிவுல தாளம் பின்தங்கும். கம்பி இயர்போன் போதும்.

மேடைக்குப் போனா மைக். குழந்தைங்க செய்யற ரெண்டு தப்பு. தலைப்பாகத்தைக் கையால மூடிப் பிடிக்கறது, ராப் பாடறவங்களைப் பாத்து வந்த பழக்கம். மூடினா மைக் எல்லாப் பக்கமும் இழுக்கும், உடனே ஸ்பீக்கர் கீச்சிடும். உடம்பைத்தான் பிடிக்கணும். ரெண்டாவது, உச்சிக்குப் போகும்போது மைக்கை ஒரு முழம் தள்ளறது. நாலு விரல் தள்ளினாப் போதும். கீழ்ச்சுரத்துக்கு ரெண்டு விரல். நேரா வாய்க்கு முன்னாடி வைக்காம கொஞ்சம் சாய்வா வெச்சா "ப", "பா" வரும்போது தொப்புன்னு அடிக்காது.

கீழ பாடும்போது காத்துதான் வருதுன்னு முதல் பதிவுல எழுதியிருந்தீங்களே, அதுக்குப் பாதி மருந்து இந்த ரெண்டு விரல்தான். பக்கத்துல போனா மைக்கே கீழ்க்குரலைத் தூக்கிக் குடுக்கும்.

ஷரத்து

மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் கலைஞராகப் பங்கேற்க அனுமதிக்கிறது, நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகள் 2017 விதிகளில் உள்ளன:

ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது.

படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி பெற வேண்டும். இது பெற்றோரின் வேலை அல்ல. ஆனால் நகல் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள்.

தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. பள்ளிப் படிப்பு அறுபடாமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யும் பொறுப்பும் தயாரிப்பாளருடையதே.

ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும்.

குழந்தைக்கு வரும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதன் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். 18 வயதில்தான் கைக்கு வரும்.

குழந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்கவைக்கக் கூடாது. இதுவும் விதியில் எழுதியிருக்கிறது. பெற்றோர்கள் அதிகம் படிக்காத வரி.

நடைமுறையில் உதைக்கும் இடம் ஐந்து மணி நேரக் கணக்கு. "மேடையில் நின்றது இருபது நிமிடம்தானே" என்பார்கள். ஒப்பனை, ஒத்திகை, காத்திருப்பு எல்லாம் சேர்த்துக் குழந்தை காலையில் வந்து நள்ளிரவில் திரும்பும். எத்தனை மணிக்கு வரச் சொல்கிறார்கள், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதே தாளில் இன்னும் இரண்டைப் பாருங்கள்: போட்டி முடிந்த பிறகு எத்தனை ஆண்டு வேறு சேனலில் பாடக் கூடாது என்கிறார்கள், பாடிய பதிவின் உரிமை யாருக்கு. குழந்தையின் சார்பில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், அவசரத்தில் படப்பிடிப்புத் தளத்தில் நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருவதாகச் சொல்லுங்கள்.

பள்ளி வருகை: ஆறாம் வகுப்பில் பெரிய சிக்கல் இருக்காது. சிபிஎஸ்இயில் 10, 12-க்கு 75 சதவீத வருகை கட்டாயம் என்பதால், அந்த ஆண்டுகளில் தவிர்ப்பது நல்லது.

ரிமோட்_ராணி

ஷரத்து சார், இதை ஒட்டிவைக்கணும் இழையோட மேல.

வேளச்சேரி சார், டிவி ஒண்ணுதான் மேடைன்னு நினைச்சுக்காதீங்க. குழந்தைகளுக்குக் கலை கத்துக்குடுக்கற அரசு அமைப்பான ஜவகர் சிறுவர் மன்றத்துல 5 வயசுலேந்து 16 வரைக்கும் சேத்துக்கறாங்க, கட்டணம் பேருக்குத்தான். அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு 2022-23லேந்து கலைத் திருவிழா நடக்குது. அங்க நேரா ஆள் முன்னாடி பாடலாம், எடிட் கிடையாது. வீடியோ போட்டிக்கு முன்னாடி அந்த மாதிரி ஒரு மேடை ஏறினா நல்லது.

கொட்டாம்பட்டி_ரவி

பையனுக்கு 13. போன வருஷம் வரை ஐந்து கட்டை, இப்ப மேல போனா குரல் உடையுது. பயிற்சியை நிறுத்தணுமா?

பஞ்சநதம்

நிறுத்த வேண்டாம் தம்பி, குறைக்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு இந்தப் பருவத்தில் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். முடியும் வரை சுருதி நிலையில்லை. இந்த மாதம் வைத்தது அடுத்த மாதம் ஆகாது. உடையும் இடத்தைப் பாடிப் பாடி உடைக்காதீர்கள். நடு ஸ்தாயியில், சத்தமில்லாமல், இருபது நிமிடம் போதும். தாளம், ராக லட்சணம், கேள்வி ஞானம் இதற்கெல்லாம் இதுதான் நல்ல காலம். குரல் அடங்கிய பிறகு ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு இந்த வட்டாரத்தில் வந்து நிற்கும். போட்டியை அதுவரை தள்ளிப்போடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இறங்கும், இரண்டு மூன்று அரைச்சுரம் அளவுக்கு. அதனால் 11 வயதில் வைத்த ஐந்தரையை 14-ல் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

வேளச்சேரி_அப்பா

பஞ்சநதம் ஐயா சொன்ன முதல் வகையில ஒரு பாட்டு எடுத்திருக்கோம். வீச்சு 14 அரைச்சுரம். ட்ராக்கை ஒண்ணு இறக்கினா கீழே பி, மேலே சி ஷார்ப். உச்சி அவளுக்குச் சுத்தமா வர்ற கடைசிக் கட்டையிலயே நிக்குது. இன்னும் ஒண்ணு இறக்கினா கீழே ஏ ஷார்ப் வரும். எது நல்லது? முன்னிசை இல்லாம நேரா குரல்லயே ஆரம்பிக்கிற மாதிரி வெட்டியிருக்கேன். அவ முதல் சுரத்தை எங்கேந்து பிடிப்பா?

அரைக்கட்டை

ரெண்டு இறக்குங்க. ஏ ஷார்ப் அவளோட அடிமட்டமான ஏ-க்கு மேலதான் இருக்கு, மைக் பக்கத்துல இருந்தா கேக்கும். உச்சி சி-க்கு வந்துடும், அரைச்சுரம் இடம் மிச்சம். இறக்கின பிறகு அடியில "ச" எத்தனை கட்டைன்னு தாளில் எழுதி வைங்க, சுற்று தாண்டினா வாத்தியக்காரங்க முதல்ல கேக்கறது அதைத்தான்.

ஒலிப்பலகை

தொடக்கத்துக்கு: வெட்டின ட்ராக் முன்னாடி அதே சுருதியில தம்பூரா நாலு விநாடி ஒட்டி, அதுக்கப்புறம் பாட்டோட வேகத்துலயே நாலு தட்டு வைங்க. தம்பூராவை முதல் வார்த்தைக்கு அடியில மெதுவா மங்கவிடுங்க, டக்குனு நிறுத்தினா அந்த இடத்துல அவளும் நிப்பா. விதிமுறையில "பின்னணி இசை மட்டும்"னு இருந்தா தம்பூரா அதுல அடங்கும். ஒன்றரை நிமிஷத்துல இந்த ஆறேழு விநாடியையும் கணக்குல சேத்துக்குங்க, பல பேர் வீடியோ நீளம் தாண்டித்தான் வெளிய போறாங்க.